ஏழாவது ஈற்று

அந்த அட்டவணையை நான் நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் சமாதானம் சொல்வது போல் ஆகிவிடும்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் சின்னுசாமி அண்ணனுக்கு மூன்று கோழிக் கொட்டகைகள் இருக்கின்றன. இங்கே அவற்றைச் செட்டு என்போம். இரண்டில் முட்டைக்கோழி. முட்டை விலை படுத்த ஒரு வருஷம், மூன்றாவது செட்டில் புதுக் குஞ்சு இறக்காமல் நாய் வளர்க்கத் தொடங்கினார். கூண்டுகளைப் பெரிதாக்கிப் பற்றவைத்ததைத் தவிர அவர் எதையும் மாற்றவில்லை. காலடியில் கம்பிவலை, தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய், வரிசைக்கு ஒரு எழுத்து, கூண்டுக்கு ஒரு எண் எல்லாம் கோழிக்கு இருந்தவைதான். அறுபத்து நான்கு பெட்டை நாய்கள், ஒன்பது ஆண் நாய்கள். மாலையில் கூடுதலாக வெளிச்சம் கொடுத்தால் கோழி அதிகம் முட்டை வைக்கும் என்பதால் நாய்களுக்கும் இரவு பத்து மணிவரை குழல்விளக்கு எரிந்தது. சீக்கிரம் பருவத்துக்கு வருமாம். உண்மையா என்று பழைய பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நாள்கூட வித்தியாசம் இல்லை. அவரிடம் சொல்லவில்லை. நான் பார்த்ததில் தவறு இருக்கலாம் என்று தோன்றியது.

எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

பதிவேடு எழுதுவது என் வேலை. எந்தக் கூண்டு எப்போது பருவத்துக்கு வந்தது, எந்த ஆணோடு சேர்த்தது, எத்தனை குட்டி, எத்தனை தங்கியது. அது போக, குட்டிகளைக் குளிப்பாட்டிப் படம் எடுத்துக் கேட்பவர்களுக்கு அனுப்புவேன். படம் எடுப்பது செட்டில் அல்ல, அண்ணன் வீட்டுப் புல்தரையில். தாயைப் பார்க்க வேண்டும் என்று யாராவது நேரில் வந்தால் வீட்டில் தனியாக வளரும் ஒரு லாப்ரடாரைக் காட்டுவோம். அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்து நான்கு வருஷம் ஆகிறது. பெங்களூரிலும் சென்னையிலும் அதன் பிள்ளைகள் என்று நினைத்து வளர்க்கப்படும் நாய்கள் இருநூறுக்கு மேல் இருக்கும்.

என் அப்பா அண்ணனுடைய தீவன லாரி ஓட்டுகிறார். நாங்கள் இருக்கும் வீடும் அவருடையதுதான்.

வேலை முடிந்து மாலை ஆறிலிருந்து எட்டுவரை கணினி வகுப்பு. கலைமணி மிஸ் நடத்துகிறார்கள். வகுப்பிலிருந்து திரும்பியதும் அன்றைக்கு நடந்ததை நோட்டில் எழுதிவைப்பேன். இதிலுள்ள தேதிகள் எல்லாம் அந்த நோட்டில் இருந்தவை.

பி வரிசையில் பதினேழாவது கூண்டில் ஒரு லாப்ரடார் இருந்தது. ஐந்தரை வயது. பால் சேர்த்த டீ நிறம். கம்பிவலையில் நின்று நின்று அதன் பாத விரல்கள் விரிந்துபோயிருந்தன. விரல்களுக்கு நடுவே எப்போதும் சிவப்பாக இருக்கும். வயிற்றில் மூன்று ஆபரேஷன் தையலும் ஒரே கோட்டின் மேல் போட்டது. நான் பதிவேட்டோடு வந்து நின்றால் விலாவைக் கம்பியில் வைத்து அழுத்திக்கொள்ளும். பேனா மூடியால் சொரிந்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் நகர்ந்த பிறகும் அப்படியே நிற்கும். கூண்டு கழுவும் உண்ணாமலை அக்கா எல்லா நாயையும் 'சாமி' என்றுதான் கூப்பிடும். நான் பதினேழு என்பேன்.

போன ஆவணியில் அது ஆறாவது முறை ஈன்றது. இரண்டு குட்டிகள். முட்டை அடுக்கும் அறையில், மேசைமேல் தார்ப்பாய் விரித்து ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டே என்னிடம், "இனிமே இதுக்குத் தையல் புடிக்காதும்மா. அடுத்த தடவை தாங்காது. ஓனர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. பதிவேட்டின் கடைசிப் பத்தியில், 'குறிப்பு' என்ற தலைப்பின் கீழே எழுதினேன். அவர் பதிவேட்டைப் பார்க்கும்போது படித்துக்கொள்வார் என்று நினைத்தேன். எழுதிவைத்தால் சொன்னதற்குச் சமம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

தை மாதக் கடைசியில் வகுப்பில் ஒரு பாடம் நடத்தினார்கள். ஒரு எண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தக் கட்டம் தானாகவே சிவப்பாக மாறும்படி செய்வது. வீட்டுப் பயிற்சிக்குச் சொந்தமாக ஏதாவது தகவல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் பதிவேட்டை எடுத்துப் போனேன். அறுபத்து நான்கு வரிசை. ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு கட்டம். பதினேழின் வரிசையில் ஒன்பது, எட்டு, எட்டு, ஆறு, ஐந்து, இரண்டு. கடைசிக் கட்டம் சிவந்தது. பதினேழு, இருபத்திரண்டு, நாற்பது, ஐம்பத்தொன்று என்று மொத்தம் நான்கு வரிசைகளில் சிவப்பு வந்தது.

கலைமணி மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே ரஞ்சிதா. அட்டவணைன்னா இப்படித்தான் இருக்கணும். பாத்ததும் புரியணும், யாரும் விளக்கம் சொல்லக் கூடாது" என்றார்கள்.

அன்று வகுப்புக் கணினியிலேயே இன்னொன்றையும் தேடிப் படித்தேன். நாய் வளர்ப்புக்கு விதிகள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் சேர்க்கக் கூடாது. ஒன்றரை வயதுக்கு முன் சேர்க்கக் கூடாது. ஒரு நாய்க்கு ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. என் பதிவேட்டில் விதிக்கு உட்பட்டு ஒரு வரிசைகூட இல்லை. இத்தனை நாளும் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அட்டவணையை மட்டும் அச்செடுத்தேன். விதிகளை எடுக்கவில்லை. அண்ணனை மிரட்டுவது போல் இருக்கும் என்று பயந்தேன். பார்த்ததும் புரியும் என்று மிஸ் சொன்னது மனதில் நின்றது. தொடர்ந்து சேர்த்ததால் குட்டிகள் குறைகின்றன, அந்த நாய்கள் களைத்துவிட்டன, ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதை அந்தச் சிவப்பே அவருக்குச் சொல்லிவிடும் என்று நம்பினேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி காலை அதைக் கொடுத்தேன். அவர் செட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் நீயே போட்டதா அம்மிணி?"

"ஆமாங்ணா. கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க."

"அட! எங்க கோழிக் கம்பெனிக்காரன் சம்பளம் வாங்கிட்டு இப்புடி ஒண்ணு போட்டுத் தந்ததில்ல போ." வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "வசந்தா, இங்க வந்து பாரு, நம்ம டிரைவர் புள்ள என்ன பண்ணியிருக்குதுன்னு."

வசந்தாமணி அக்கா வந்து பார்த்து, "கலரெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"செவப்பா இருக்கறது நாலுங்களா?" என்றார்.

"ஆமாங்ணா. அதுகளுக்குக் கொஞ்சம்..."

"புரியுது, புரியுது. அதான் பளிச்சுனு தெரியுதே. உற்பத்தி எறங்கிருச்சு. தீவனம் தின்னுட்டுச் சும்மா நிக்குதுங்க." பேனாவை வாங்கி நான்கு எண்களையும் வட்டமிட்டார். "சனிக்கெழமை ராசப்பன் கழிவுக்கோழி ஏத்த வாரான். அவங்கிட்ட இந்த நாலையும் ஏத்தி உட்டரலாம். மாசாமாசம் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு சாமி."

முட்டைக்கோழி ஒன்றரை வயதுக்கு மேல் இடுவது குறைந்துவிடும். அந்தத் தொகுதியை மொத்தமாகக் கழித்துவிட்டு அடுத்ததை இறக்குவார்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. எண் குறைந்தால் கழிக்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. அந்தத் தாளை அவர் வேறு எப்படியும் படித்திருக்க முடியாது. இருபத்தொரு வருஷமாகக் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உண்ணாமலை அக்கா கூண்டுக்குக் கீழே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. போய்க் கேட்டேன்.

"அக்கா, கோழியக் கறிக்கடைக்குக் கொண்டுபோவாங்க. நாய எங்க கொண்டுபோவாங்க?"

"துறையூரு தாண்டி எங்கியோ எறக்கி உட்டுருவான் ராசப்பன். மூணு மாசம் முன்னாடி ரெண்டு போச்சே, மறந்துட்டியா?"

"வித்தாச்சுன்னு அண்ணன் என்னை எழுதச் சொன்னது அதுகதானா?"

"நீ எழுதற ஆளு. நான் அள்ளற ஆளு. எனக்கு எப்புடித் தெரியும் நீ என்ன எழுதுனன்னு?" குழாயை மூடியது. "மண்ணுல காலே வெச்சதில்ல இதுக. எறக்கி உட்டா நின்ன எடத்துலயே நிக்குமாம். வண்டி கெளம்பற வரைக்கும் வண்டியவே பாத்துட்டு நிக்குதுன்னு அவன் சொல்லிச் சிரிக்கறான். ரோட்டு நடுவுல நின்னா என்னாகும்? நீ படிச்ச புள்ள."

"நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அண்ணங்கிட்டக் கேக்கட்டுமா?"

"நான் கேட்டுப் பாத்தாச்சு கண்ணு, போன தடவையே. சுத்துப்பட்டுல நம்ம நாயி யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னுட்டாரு. இந்தக் காலையும் வயித்தையும் பாத்தா நாலு பேரு போட்டோ எடுப்பான், செட்டுக்கு ஆளு வருமாம். அதுக்குத்தான் அத்தனை தூரம் கொண்டுபோறாங்க."

அன்று வகுப்புக்குப் போகவில்லை. நோட்டில் மூன்று வழிகள் எழுதினேன். ஒன்று, அண்ணனிடம் விதிகளைச் சொல்வது. இரண்டு, புகார் கொடுப்பது. மூன்று, எண்ணைத் திருத்துவது. முதல் இரண்டுக்கும் பக்கத்தில் 'அப்பா' என்று எழுதினேன். மூன்றாவதற்குப் பக்கத்தில், நான்கையும் திருத்தினால் நம்பமாட்டார், ஒன்றைத் திருத்தலாம் என்று எழுதினேன். எந்த ஒன்று என்று யோசிக்கவே இல்லை. மற்ற மூன்றும் என்னிடம் எந்தத் தவறும் செய்யவில்லை. அவற்றை நான் பேனா மூடியால் சொரிந்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அண்ணனிடம் போய், "ஏனுங்ணா, அந்தத் தாள்ல ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"என்ன தப்பு?"

"பதினேழுக்குக் கடைசி ஈத்து ரெண்டு இல்லீங்க. ஆறு. பாத்து ஏத்தறப்போ வரிசை மாறிருச்சு."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நல்லவேளை சொன்ன. ஆறு போடற நாயக் கழிச்சா நான்தான் பைத்தியக்காரன். இப்ப பருவத்துல இருக்குதில்ல அது?"

அது நான்கு நாட்களாகப் பருவத்தில் இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

"அடுத்த வாரம் சேத்து உட்டரு. புதன்கெழம ஆச்சுன்னா சரியா இருக்கும்."

"அண்ணா, டாக்டர் அப்பவே சொன்னாருங்க. இனிமே தையல் புடிக்காது, அடுத்த தடவை தாங்காதுன்னு."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"குறிப்புல எழுதியிருந்தேங்ணா."

"குறிப்ப எவன் அம்மிணி படிக்கறான்!" கோபமில்லை. உண்மையாகவே அலுத்துக்கொண்டார். "செரி, தாங்காதுன்னா சனிக்கெழமை வண்டில ஏத்திரலாம். குட்டியும் போடாம, வண்டியும் ஏறாம சும்மா வெச்சுட்டு நான் என்ன பண்றது? ஒண்ணுக்கு இப்புடி வெச்சா அறுபத்து நாலுக்கும் வெக்கோணும். நீயே சொல்லு. ரெண்டுல எது?"

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். இதுவரை என் வாழ்க்கையில் யாரும் எதற்கும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. பேசாமல் இருந்தால் வண்டி. பேசினால் ஆபரேஷன் மேசை. வயதான நாய்க்குச் சில சமயம் சினை பிடிப்பதில்லை. பிடிக்காமல் போனால் அடுத்த பருவம் வரை ஆறேழு மாசம். அதற்குள் ஏதாவது ஒரு வழி வராதா என்று நினைத்தேன்.

"சேத்து விடலாமுங்ணா" என்றேன்.

சனிக்கிழமை ராசப்பன் வந்தார். இருபத்திரண்டு, நாற்பது, ஐம்பத்தொன்று மூன்றையும் சாக்கில் கழுத்து வரை கட்டிக் கோழிக்கூடைகளுக்கு நடுவே வைத்தார்கள். ஐம்பத்தொன்று சப்பை மூக்குள்ள பக் இன நாய், அது மூச்சு வாங்கும் சத்தம் வண்டி திரும்பும் வரை கேட்டது. நான் பதினேழின் கூண்டருகே நின்று பேனா மூடியால் அதன் விலாவைச் சொரிந்துகொண்டிருந்தேன். மூன்றைக் கொடுத்து ஒன்றை வைத்துக்கொண்டேன் என்று அன்று நோட்டில் எழுதி அடித்துவிட்டேன். வைத்துக்கொண்டேனா என்பதே நிச்சயமில்லை.

பிப்ரவரி பன்னிரண்டில் சேர்த்தார்கள். தேதியைப் போட்டதும் கணினி அறுபத்து மூன்று நாள் கூட்டி ஏப்ரல் பதினாறு என்று காட்டியது.

மார்ச் நடுவில் சினை பிடித்தது தெரிந்தது. அன்று மாலை, வகுப்புக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் நின்று, இணையத்தில் கிடைத்த ஒரு விலங்கு நல அமைப்பின் எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். பெயர், முகவரி, பண்ணை இருக்கும் இடம், படங்கள் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பினால் நடவடிக்கை எடுக்க முடியும் என்றாள். பெயர் இல்லாமல் அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்பலாம், ஆனால் நேரில் பார்த்த ஒருவர் பேசினால்தான் புகார் நிற்கும் என்றாள். "நீங்க அங்க வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டாள். துண்டித்துவிட்டேன்.

பிறகும் கடிதம் எழுதினேன். நான்கு முறை. ஒவ்வொரு முறையும், இவ்வளவு விவரம் யாருக்குத் தெரியும் என்று அண்ணன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. விவரத்தைக் குறைத்தால் புகாரே இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "நாயிக்காகவா?" என்றார். மறுபடி சோற்றைப் பிசைந்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பதினேழுக்குத் தீவனத்தில் ஒரு முட்டை சேர்த்து வைத்தேன். கூண்டில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டேன். கழிவு கீழே இறங்காது என்று அண்ணன் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். உண்ணாமலை அக்கா கழுவி முடித்ததும் மறுபடி போட்டது. அடுத்த நாள் நான் மறுபடி எடுத்தேன். இதில் யார் யாருக்கு உதவினோம் என்று தெரியவில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி, இரண்டு நாள் முன்னதாகவே வலி வந்துவிட்டது. டாக்டர் பண்டிகைக்கு மேட்டூரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். காலை எட்டு மணிக்கு அழைத்தோம். வந்து சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அதுவரை அது கத்தவில்லை. கம்பிவலையில் முகத்தை வைத்து நடுங்கிக்கொண்டே இருந்தது. அண்ணன் புது வேட்டியோடு நான்கு முறை வந்து பார்த்தார். வசந்தாமணி அக்கா பாயசம் கொடுத்தனுப்பியது. வாங்கி வைத்தேன்.

முட்டை அறையில் கால்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். முன்னங்கால்களை நான் பிடித்தேன். விரல்களுக்கு நடுவே இருந்த புண் என் உள்ளங்கையில் ஈரமாகப் பட்டது.

டாக்டர் பழைய கோட்டிலேயே கத்தியை வைத்தார். கொஞ்ச நேரத்தில், "நான்தான் போன தடவையே சொன்னேனே" என்றார். யாரிடம் என்று பார்க்காமல் சொன்னார். கர்ப்பப்பை கிழிந்திருந்தது. மூன்று குட்டிகள். இரண்டு உள்ளேயே இறந்திருந்தன. மூன்றாவதை உண்ணாமலை அக்கா துணியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "மூச்சு உடு சாமி, உடு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. விடவில்லை. தைக்க முயன்ற இடமெல்லாம் ஈரத்துணி போல் கிழிந்தது. ஒன்றே முக்கால் மணிக்கு டாக்டர் கையுறையைக் கழற்றினார். நான் கால்களை விடவில்லை. விடச் சொன்னார்கள்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. அது நடிப்பு இல்லை.

"போன ஈத்து ஆறுன்னு இருந்துச்சே அம்மிணி" என்றார். "ஆறு போட்ட நாயி இப்புடியா போகும்? உன்ற தாள நம்பித்தான் நான் சேத்து உட்டேன்."

ரெண்டுதானுங்ணா, நான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன மாறும் என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் என்ன மாறும் என்றும் யோசித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. தாயையும் மூன்று குட்டிகளையும் ஒரே தீவனச் சாக்கில் போட்டு, செத்த கோழிகளைப் போடும் குழியில் போட்டார்கள். உண்ணாமலை அக்கா மேலே சுண்ணாம்பு தூவியது. ஆறு என்று நான் சொன்னது அதற்குத் தெரியும். அந்த இரண்டு குட்டிகளையும் ஆவணியில் துடைத்தெடுத்ததே அதுதான்.

நான்காம் நாள் பதினேழாவது கூண்டுக்குப் புது நாய் வந்தது. பதினோரு மாதம். திருச்சியில் ஒரு வீட்டில் வளர்ந்ததாம். வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் கொடுத்துவிட்டார்கள். கழுத்தில் இன்னும் மணி இருந்தது. இதற்கு முன் கம்பிவலையைப் பார்த்ததில்லை போல. ஒரு காலைத் தூக்கியது. அது வலித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கியது. அப்படியே மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. ஆள் வந்தால் திறந்துவிடுவார்கள் என்று நினைத்து, என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

"பருவத்துக்கு வந்துருச்சான்னு பாத்து எழுதிரு" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தேன். வந்திருந்தது. தேதியை எழுதினேன். குறிப்பு என்ற பத்தியில், வயது போதாது, இந்தப் பருவத்தில் சேர்க்கக் கூடாது என்று எழுதினேன். பிறகு பதிவேட்டை மூடாமல் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடி, அதை வாயாலும் சொன்னேன்.

"பாக்கலாம் அம்மிணி" என்றார் நடந்துகொண்டே. "மொதல்ல தாள்ல போடு."